இலை ஒரு செடி, பூ ஒரு செடி

உலர்தாவரக் கூடத்தில் அவளுக்கு இருபத்து மூன்று வருடமாகப் பெயர் இல்லை. வேலையில் சேர்ந்த அன்று இருந்திருக்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் எங்கோ ஓர் ஓரத்தில் இப்போதும் இருக்கிறது. ஆனால் கூப்பிடுவதற்காக யாரும் அதைத் தேடிப் போனதில்லை. காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டுவது அவள் வேலை, ஆகவே பேராசிரியருக்கு அவள் 'பசை', மாணவர்களுக்கு 'பசையக்கா'. உலகத்திலுள்ள ஒவ்வொரு புல்லுக்கும் பூண்டுக்கும் சரியான பெயரைக் கண்டுபிடிப்பதற்கென்றே கட்டிய கட்டடத்தில் இது ஒரு சின்னக் கவனக்குறைவு. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பேராசிரியருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. அவர் காதுக்கு எட்டாத தூரத்தில் அவர் 'புது இனம்'. மழையில் அழுகிக் கோணிய செடியைப் பார்த்தாலும் புது இனம் என்பார், ஆடு கடித்துக் குட்டையாகிப் போன செடியைப் பார்த்தாலும் புது இனம் என்பார். இதுவரை பதினான்கு கண்டுபிடித்திருக்கிறார். அதில் பத்தை வெளியாட்கள் வந்து பார்த்து, 'இது ஏற்கெனவே பெயருள்ள செடிதான்' என்று எழுதிப் புதைத்துவிட்டார்கள். மீதி நான்கும் சௌக்கியமாக இருப்பதற்குக் காரணம், இன்னும் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காததுதான்.

பெயர் வைப்பதில் மட்டும் அவர் தடம் மாறியதே இல்லை. முதல் செடிக்கு நிறுவனத் தலைவரின் பெயர். அடுத்தது தலைவரின் மனைவி. அப்புறம் மகள், மருமகன், மருமகனின் அண்ணன் என்று அந்தக் குடும்பமே காடு முழுக்க முளைத்துக் கிடந்தது. போன வருடம் மருமகன் பெயரிலிருந்த செடியை யாரோ புதைத்துவிட, தலைவர் மூன்று மாதம் பேராசிரியருக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த மூன்று மாதமும் கூடத்தின் மின்விசிறிகளைப் பழுது பார்க்க ஆள் வரவில்லை. அறிவியலுக்கும் மின்விசிறிக்கும் உள்ள தொடர்பை அப்போதுதான் எல்லோரும் புரிந்துகொண்டார்கள்.

கோபத்தை ஆற்ற வேண்டும். தலைவரின் அம்மாவுக்கு இன்னும் ஒரு செடி கூடக் கொடுக்கவில்லை. பேராசிரியர் பெகோனியா பக்கம் திரும்பினார்.

பெகோனியா சாமானியப்பட்ட கூட்டம் இல்லை. ஒரே பேரினத்தில் இரண்டாயிரத்துக்கு மேல் இனங்கள். எண்ணி முடிப்பதற்குள் இன்னும் நாலு வந்து சேரும். தொட்டியில் வளர்க்கிறவர்கள் அதைத் தங்கள் வசதிக்குப் பிரித்து வைத்திருக்கிறார்கள்: கரும்பு போல நெட்டையாக வளர்வது, கிழங்கு விடுவது, தரையோடு படர்வது, இலை அழகுக்காகவே வளர்ப்பது என்று. நல்ல, புரிகிற பிரிவினை. ஆகவே பேராசிரியருக்கு அது பிடிக்காது. "அதெல்லாம் தொட்டிக்காரங்க கணக்கு" என்பார். தாவரவியல் கணக்கு வேறு. பெண்பூவின் சூலகத்தைக் குறுக்கே வெட்டி, உள்ளே எத்தனை அறை, விதைகள் எந்தச் சுவரில் ஒட்டியிருக்கின்றன என்று பார்த்துத்தான் இது எந்தப் பிரிவு என்று சொல்ல முடியும். ஆண்பூ தனி, பெண்பூ தனி, ஆனால் இரண்டும் ஒரே செடியில். பெண்பூ கிடைக்காவிட்டால் முழுச் செடியைக் கையில் வைத்துக்கொண்டும் முழிக்க வேண்டியதுதான்.

இத்தனையும் பசைக்குத் தெரியும். யாரும் சொல்லித் தரவில்லை. இருநூற்றுச் சொச்சம் பெகோனியாவை ஒட்டியவளுக்கு எப்படித் தெரியாமல் போகும்? மற்ற செடிகள் காகிதத்துக்கு நடுவே வைத்து அழுத்தினால் மூன்று நாளில் அப்பளமாகிவிடும். பெகோனியா உடம்பெல்லாம் தண்ணீர். காய்வதற்குள் இலை ஒரு பக்கம், பூ ஒரு பக்கம் கழன்று விழும். விழுந்த துண்டுகளைப் பொறுக்கிச் சின்னக் காகித உறையில் போட்டு, அந்த உறையையும் தாளிலேயே ஒட்ட வேண்டும். எதையும் எறியக்கூடாது. அதுதான் கூடத்தின் முதல் விதி.

இரண்டாவது விதி இன்னும் கறாரானது. ஒரு தாளில் ஒருவர் எழுதி ஒட்டிய சீட்டை இன்னொருவர் கிழிக்கக்கூடாது, அடிக்கக்கூடாது, மேலே ஒட்டி மறைக்கவும் கூடாது. அந்தப் பெயர் தப்பு என்று தோன்றினால், தன் கருத்தை ஒரு சீட்டில் எழுதி, பெயரும் தேதியும் போட்டு, பக்கத்தில் ஒட்டிவிட்டுப் போக வேண்டும். சில தாள்களில் ஐந்து பேர் ஐந்து சீட்டில் சண்டை போட்டிருப்பார்கள். மூன்று பேர் செத்தும் போயிருப்பார்கள், சண்டை மட்டும் அப்படியே இருக்கும். அந்தச் சீட்டுகளையெல்லாம் ஒட்டியவள் பசைதான். ஒன்று கூட இன்றுவரை உரிந்ததில்லை.

அந்தத் தடவை பேராசிரியர் ஒரு நனைந்த பாறையிலிருந்து கைநிறையப் பெகோனியா கொண்டுவந்தார். காய்ந்ததும் அவளை அழைத்து, தானே முன்னால் நின்று தாளில் அடுக்கினார். அகலமான, செம்பட்டை மயிர் அடர்ந்த இலை. பக்கத்துக் காகிதத்திலிருந்து ஒரு பூங்கொத்தை எடுத்து அதன் மேல் வைத்தார்.

"இது இதோட பூதான். கழண்டு போச்சு. சேர்த்து ஒட்டு."

அவள் ஒட்டினாள். வேறு காகிதத்தில் இருந்ததே என்று ஒரு கணம் தோன்றியது. கேட்கவில்லை. அவருக்கு அன்று ஏதோ கூட்டத்துக்கு நேரமாகியிருந்தது.

அடுத்த மாதம் பதினாறாம் தேதி அவர் அவள் மேஜைக்கு வந்தார். வந்ததே அதிசயம். நின்றுகொண்டே கேட்டார்.

"உன் பேர் என்ன?"

அவளுக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. சம்பளத்தில் ஏதோ சிக்கல் என்று நினைத்துப் பயந்துபோய்ச் சொன்னாள். அவர் அதை ஒரு தாளில் எழுதி, வால் பகுதியில் லத்தீனுக்கு ஏற்றபடி இரண்டு எழுத்தைச் சேர்த்து அவளிடமே காட்டினார்.

"புதுப் பெகோனியாவுக்கு உன் பேரைத்தான் வைக்கிறேன். இத்தனை வருஷம் உழைச்சிருக்கியே!"

அவள் அழுதுவிட்டாள். பசைக் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, மாணவர்கள் பார்க்கிறார்கள் என்ற வெட்கம் கூட இல்லாமல் அழுதாள். வீட்டுக்கு வந்து நாள்காட்டியில் பதினாறைச் சுற்றி வட்டம் போட்டாள். இவ்வளவு நாள் இதற்குத்தான் ஏங்கிக்கொண்டிருந்தோமா என்று நினைத்தபோது அவளுக்கே கூச்சமாக இருந்தது.

கட்டுரை கூடத்தின் சொந்த ஆய்விதழில் வந்தது. இதழின் ஆசிரியரும் பேராசிரியரே. கட்டுரையைத் தானே எழுதி, தானே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பரிசீலித்து, தானே திருப்தியடைந்து ஏற்றுக்கொண்டார்.

லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர் அதிகம் பேசாதவர். கட்டுரையில் அவள் பெயரும் செடியின் படமும் இருந்த பக்கத்துக்குச் சட்டம் போட்டு, தொலைக்காட்சிக்கு மேலே ஆணியடித்து மாட்டினார். மாட்டிவிட்டு மூன்று தடவை தள்ளி நின்று பார்த்தார். அவருடைய தங்கை வந்தாள், அவளும் பார்த்தாள்.

"பேர் வைக்கிறதுதான் வைக்கிறாங்க, ஒரு ரோஜாவுக்கு வைக்கக்கூடாதா அண்ணி? இது என்ன, இலை ஒரு பக்கம் பெருசா, ஒரு பக்கம் சிறுசா! சொத்துப் பிரிச்ச மாதிரி இருக்கு."

"பெகோனியான்னா அப்படித்தான் இருக்கும். ரெண்டு பக்கமும் சமமா இருந்தாத்தான் சந்தேகப்படணும்."

"என்ன சாதிச் செடி இது?"

"பூசணி, வெள்ளரி இதுங்களுக்கெல்லாம் தூரத்துச் சொந்தம். குடும்பம் வேற, ஆனா ஒரே வரிசை."

"அப்போ கறிக்காவது ஆகுமான்னு சொல்லுங்க" என்றாள் நாத்தனார். சொன்னாளே தவிர, போகும்போது அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டுதான் போனாள். மறுநாள் அவள் தெரு முழுக்க அண்ணியின் பெயரில் ஒரு செடி இருப்பது தெரிந்துபோயிற்று.

ஒரு மதிய இடைவேளையில் பசைக்குத் தன்னையே ஒரு தடவை பார்த்துக்கொள்ள ஆசை வந்தது. அலமாரியைத் திறந்து அந்தத் தாளை எடுத்து, பூதக்கண்ணாடியை வைத்தாள். அழகு பார்க்கத்தான் எடுத்தாள். ஆனால் கை பழகிய கை, கண் பழகிய கண்.

இலைக்காம்பில் செம்பட்டை மயிர் நிறைந்து கிடந்தது. பூங்காம்பில் ஒரு மயிர் இல்லை. வழவழவென்று இருந்தது. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் பூங்காம்பு கழன்றதற்கான வடு இல்லை.

காயவைத்த பழைய செய்தித்தாள்களை அவள் வருடம் முடியும்வரை கட்டி வைப்பாள். தேடி எடுத்து விரித்தாள். பெகோனியாவின் சாறு காகிதத்தில் பழுப்பாக அச்செடுத்திருந்தது. ஒரு காகிதத்தில் அகல இலையின் கறை, வேறு எதுவும் இல்லை. அடுத்த காகிதத்தில் சின்னதாக, மொழுமொழுவென்ற இன்னோர் இலையின் கறை. அதனோடு சேர்ந்து வளைந்து போகும் பூங்காம்பின் கறை. அந்தச் சின்ன இலைச் செடி அவளுக்குப் பழக்கமானதுதான், முப்பது தாளாவது ஒட்டியிருப்பாள். அகல இலையும் அலமாரியில் ஆறு தாள் இருக்கிறது. இரண்டுக்கும் எப்போதோ பெயர் வைத்தாயிற்று. ஒரே பாறையில் கலந்து வளர்ந்த இரண்டு பழைய செடிகளைச் சேர்த்து ஒட்டிப் புதுச் செடி செய்திருக்கிறது இந்தக் கூடம். செய்தவள் அவள். வைத்தது அவள் பெயர்.

தப்பு தன்னுடையது என்றுதான் முதலில் நினைத்தாள். அன்றைக்கே கேட்டிருந்தால்? அந்தக் குற்றவுணர்ச்சியோடுதான் தாளில் ஒட்டியிருந்த உறையைப் பிரித்தாள், வேறு துண்டு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க. உள்ளே குறுக்கே வெட்டிய ஒரு சூலகம் இருந்தது. கூடவே விரலளவு சீட்டு, பேராசிரியரின் கையெழுத்தில்.

'இரண்டு அறை. இந்த இலைக்கு மூன்று அறை இருக்க வேண்டும். பூ வேறு செடியினுடையதோ?'

கீழே கையொப்பம், தேதி. ஒன்பதாம் தேதி.

எதையும் எறியாதே என்று நாற்பது வருடமாகப் பாடம் நடத்திய மனிதர் தனக்கு எதிரான சாட்சியையும் பழக்க தோஷத்தில் தேதி போட்டு உறைக்குள் பத்திரப்படுத்தியிருந்தார். திருடன் கூட இவ்வளவு ஒழுங்காக இருக்க மாட்டான்.

ஒன்பதாம் தேதி தெரிந்துவிட்டது. அதே மாதம் பதினாறாம் தேதி வந்து பெயர் கேட்டிருக்கிறார்.

அப்படியும் அவளுக்கு மனம் கேட்கவில்லை. வேறு ஏதாவது காரணம் இருக்கும் என்று அவர் அறைக்குப் போனாள்.

"என்ன பசை?" என்றார். இனத்துக்கு வைத்த பெயர் கூப்பிடுவதற்கு ஆகாது போலும்.

"அந்தத் தாள்ல இலை ஒரு செடி, பூ ஒரு செடி சார். நான்தான் ஒட்டினேன். அன்னைக்கே கேட்டிருக்கணும்."

அவர் திடுக்கிடவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார்."

"நல்லது. இதெல்லாம் நடக்கிறதுதான். பத்து வருஷமோ பதினஞ்சு வருஷமோ கழிச்சு எவனாவது பார்த்துட்டு எழுதுவான். எழுதிட்டுப் போகட்டும். அதுவரைக்கும் உன் பேர் புத்தகத்துல இருக்கும்ல? உனக்கென்ன நஷ்டம்?"

"தலைவரோட அம்மா பேரை வைக்கிறதாத்தானே சார் இருந்தீங்க?"

"இருந்தேன். ஆனா அவங்க பெரிய குடும்பம்மா. நாளைக்கு அவங்க பேர் ஒரு தப்பான செடியில மாட்டிக்கிட்டு நாலு பேர் சிரிக்கிற மாதிரி ஆயிடக்கூடாது பாரு."

தன் தர்மசங்கடத்தை அவளும் புரிந்துகொள்வாள் என்ற நம்பிக்கையோடு சொன்னார். அவளும் "சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்தாள். மேஜையில் உட்கார்ந்த பிறகுதான் எல்லாம் உறைத்தது. அழுகை வரவில்லை, கோபம் வந்தது. இருபத்து மூன்று வருடத்தில் முதல் தடவையாகத் தன் பெயரைக் கேட்டவர், கையில் இருந்த குப்பையைப் போட ஒரு கூடை வேண்டும் என்றுதான் கேட்டிருக்கிறார். அவள் பெயர் சிரிப்புக்கு ஆளானால் யாருக்கும் மின்விசிறி நிற்காது.

அன்று சாயங்காலம் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சுவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீ சொன்னா உன் பேர் போயிடுமா?"

"போகாது. வைச்ச பேரை அழிக்க மாட்டாங்க. செல்லாத பேர்னு பட்டியல்ல கிடக்கும்."

"சொல்லலைன்னா?"

"இல்லாத செடிக்கு என் பேர் இருக்கும்."

அவர் எழுந்து போய்ச் சட்டத்தை லேசாக அசைத்துப் பார்த்தார்.

"ஆணி நல்லா இறங்கியிருக்கு. வேற எதையாவது மாட்டிக்கலாம்."

"உங்க தங்கச்சி என்ன சொல்வா?"

"அவ எப்படியும் ஏதாவது சொல்வா."

இதற்கிடையில் தலைவருக்கு ஒரு யோசனை உதித்தது. தம் நிறுவனம் கடைநிலை ஊழியருக்கும் மரியாதை செய்கிறது என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா? விழா எடுக்கச் சொன்னார். மேடை, ஒலிபெருக்கி, பத்திரிகைக்காரர்கள். போதாததற்கு, பெகோனியாவில் கரைகண்ட ஒரு வயதான பெண் நிபுணரையும் வெளியூரிலிருந்து வரவழைத்தார். பேராசிரியரைக் கேட்காமலே வரவழைத்தார். செய்தி கேட்டதும் பேராசிரியர், அந்தம்மாவுக்குப் பார்வை எப்படி இருக்கிறது என்று இரண்டு பேரிடம் விசாரித்தார்.

விழா அன்று காலை எட்டு மணிக்கு அவள் வழக்கம்போல் வந்து அலமாரியைத் திறந்தாள். தாளைக் கொண்டுபோய் மேடைக்குக் கீழே மேஜையில் வைக்கும் பொறுப்பு அவளுடையது. கருத்துச் சீட்டுகள் இருக்கும் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்தாள். ஆயிரக்கணக்கில் ஒட்டியிருக்கிறாள், எழுதியதில்லை. யாரெல்லாம் எழுதலாம் என்று விதியில் எங்கும் போட்டிருக்கவில்லை. பெரியவர்களுக்கு அது தோன்றவே இல்லை போலும்.

நிதானமாக, மணி மணியாக எழுதினாள்: 'இத்தாளில் இரண்டு செடிகள் உள்ளன. இலையும் தண்டும் ஒன்று, பூங்கொத்து மற்றொன்று. இரண்டும் முன்பே பெயருள்ளவை. உறைக்குள் பேராசிரியரின் குறிப்பையும், இணைத்துள்ள செய்தித்தாள்கள் இரண்டையும் காண்க.' கீழே தேதி. அதன் கீழே தன் பெயர், அப்பாவின் முதலெழுத்தோடு, முழுசாக. பசை தடவி, அச்சடித்த புது இனப் பெயருக்குப் பக்கத்தில் ஒட்டி, மேலே ஈய எடையை வைத்தாள். பதினைந்து நிமிடத்தில் காய்ந்தது.

தலைவர் வந்தார், ரிப்பனை வெட்டினார், அவள் பெயரைத் தப்பாக உச்சரித்து அவளை வானளாவப் புகழ்ந்தார். பேராசிரியர் முன்வரிசையில் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார். கைதட்டல் ஓய்ந்ததும் எல்லோரும் மேஜையைச் சூழ்ந்தார்கள். நிபுணர் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தார். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை.

சீட்டைப் படித்தார். செய்தித்தாள்களை விரித்துப் பார்த்தார். உறையைப் பிரித்து உள்ளேயிருந்த சின்னச் சீட்டை வெளிச்சத்தில் பிடித்து, தேதியை இரண்டு தடவை பார்த்தார். பேராசிரியரின் பற்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின.

"இதை எழுதினது யாரு?"

"நான்தாங்க" என்றாள் அவள்.

நிபுணர் சீட்டிலிருந்த பெயரையும் அச்சிலிருந்த பெயரையும் ஒப்பிட்டார். பிறகு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"உங்க பேரை நீங்களே எடுத்துட்டீங்களே!"

"எடுக்கலைங்க. எழுதியிருக்கேன்."

அந்தம்மா அவள் பெயரை ஒரு தடவை மெதுவாக, சரியாக உச்சரித்தார். "இந்தச் சீட்டு சரியா இருக்கு" என்று தலைவரிடம் திரும்பிச் சொன்னார். என்ன சரி, எது தப்பு என்று புரியாத தலைவர் பத்திரிகைக்காரர்களைப் பார்த்துப் புன்னகைத்துவைத்தார்.

பேராசிரியர் அவள் காதருகே வந்து பல்லைக் கடித்தார்.

"அதை உரிச்சு எடு. இப்பவே எடு!"

"உரிக்கக்கூடாதுன்னு நீங்கதானே சார் சொல்லிக்கொடுத்தீங்க?" அவள் டப்பாவிலிருந்து வெற்றுச் சீட்டு ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "உங்களுக்கு வேற கருத்து இருந்தா பேரு, தேதி போட்டு எழுதிக் குடுங்க. பக்கத்துலயே ஒட்டித் தர்றேன்."